ஆஸ்பத்திரில நோயாளிக்கு என்ன உரிமை, என்ன பொறுப்பு: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணிட்டே இருப்பாங்க. ஆள் மாறுது, ஊர் மாறுது, கேள்வி மட்டும் மாறவே மாட்டேங்குது. அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு. சட்டம் இந்தியா முழுக்க பொருந்துறது, திட்டங்களும் போன் நம்பரும் தமிழ்நாட்டுக்கானது. கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

நோயாளி உரிமைன்னு நெஜமாவே சட்டம் இருக்கா, இல்ல சுவத்துல ஒட்டுற போஸ்டர் மட்டும்தானா?

ரெண்டும்தான். "நோயாளி உரிமைச் சட்டம்"னு ஒரே பேர்ல ஒரு சட்டம் கிடையாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல 17 உரிமைகளை தொகுத்து ஒரு சாசனம் தயார் பண்ணுச்சு, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல அதை மாநிலங்களுக்கு அனுப்பி நடைமுறைப்படுத்தச் சொல்லுச்சு. ஆஸ்பத்திரி சுவத்துல பாக்குறது பெரும்பாலும் இதோட சுருக்கம்தான்.

ஆனா அந்த சாசனத்துல இருக்குறது எதுவும் புதுசா வானத்துல இருந்து குதிச்சது இல்ல. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகள், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு பல இடத்துல சிதறிக் கிடந்ததை ஒண்ணா கோத்தது. அதனால "சாசனம் எங்களுக்குப் பொருந்தாது"ன்னு யாராச்சும் சொன்னா சாசனத்தைப் புடிச்சுட்டு சண்டை போடாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்குற விதி எதுன்னு சொல்லுங்க. கீழ ஒவ்வொண்ணுலயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்.

எமர்ஜென்சில கொண்டு போனோம், அட்வான்ஸ் கட்டினாத்தான் பாப்போம்னு கவுன்டர்ல சொல்றாங்க. அப்படி சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 1989-ல பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிருக்கு ஆபத்தா வர்றவரை காப்பாத்துறதுதான் முதல் கடமை, மத்த நடைமுறை எல்லாம் அப்புறம். 1996-ல மேற்கு வங்க வழக்கு ஒண்ணு, ரயில்ல இருந்து விழுந்து தலைல அடிபட்ட ஒருத்தரை அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா பெட் இல்ல, வசதி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அதுல கோர்ட் இது வாழ்வுரிமையையே மீறினதுன்னு சொல்லி நஷ்டஈடு தரச் சொல்லுச்சு.

ஆனா இங்க ஒரு விஷயத்தை தெளிவா புரிஞ்சுக்கணும். உரிமை இருக்குறது உயிரைக் காப்பாத்துற அவசர சிகிச்சைக்கு. நிலைமை கொஞ்சம் சீரான பிறகு "எங்ககிட்ட நியூரோ சர்ஜன் இல்ல, வேற இடத்துக்கு மாத்துங்க"ன்னு சொன்னா அது மறுக்குறது ஆகாது, ஆனா முதலுதவி பண்ணி, என்ன பண்ணினோம்னு எழுதின ரெஃபரல் சீட்டோட அனுப்பணும். சீட்டு இல்லாம வாயால "கூட்டிட்டு போங்க"ன்னா அங்கேயே நின்னு எழுதிக் கேளுங்க. எழுதித் தாங்கன்னு சொன்ன உடனே பல கவுன்டர்ல ஸ்ட்ரெச்சர் தானா உள்ள போறதை நான் பாத்திருக்கேன்.

ரோட்டுல அடிபட்டுக் கிடக்குறவரை நான் கொண்டு போய் சேர்த்தா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களா? பணம் யாரு கட்டுறது?

மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல 134ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. உதவி பண்ணினவர் மேல வழக்கு கிடையாது, பேரு அட்ரஸ் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது, சாட்சியா வரணும்னும் கட்டாயப்படுத்த முடியாது. சேர்த்துட்டு கிளம்பிடலாம்.

பணத்துக்கு, தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு. சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியல்ல இருக்குற தனியார் ஆஸ்பத்திரியிலயும் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் வேற மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி. 108-க்கு கூப்பிட்டா பக்கத்துல இருக்குற சரியான ஆஸ்பத்திரிக்கு அவங்களே கொண்டு போவாங்க, நாமளா ஆட்டோல போட்டு கழுத்தை மடக்கி தூக்கிட்டு ஓடுறதை விட அது எவ்வளவோ மேல்.

டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டா "நீங்க டாக்டரா நான் டாக்டரா"ன்னு கோவப்படுறாரு. கேக்கவே கூடாதா?

கேக்கலாம், கேக்கணும். என்ன நோய், என்ன சிகிச்சை, வேற வழி இருக்கா, பண்ணலன்னா என்ன ஆகும், எவ்வளவு செலவு ஆகும், இதெல்லாம் நமக்குப் புரியுற பாஷைல சொல்றது டாக்டரோட கடமை. வேற டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்து கேக்குறதும் உரிமைதான், அதுக்கு ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது.

ஆனா ரவுண்ட்ஸ்ல முப்பது பேரைப் பாத்துட்டு இருக்குறவர்கிட்ட வீட்டுல இருந்து வந்த அஞ்சு பேரும் தனித்தனியா அதே கேள்வியை கேட்டா யாருக்கும் கோவம் வரும். வீட்டுல ஒருத்தர்தான் பேசணும்னு முடிவு பண்ணுங்க, கேள்வியை முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கோங்க. கூகுள்ல படிச்சேன்னு ஆரம்பிக்காம "இதுல எனக்கு பயம் என்னன்னா"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க, பதில் வர்ற விதமே வேற.

அட்மிஷன் போடும்போதே நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. இனி அவங்க என்ன பண்ணினாலும் நான் ஒத்துக்கிட்டதா ஆயிடுமா?

ஆகாது. இதுக்குன்னே ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கு, 2008-ல சமீரா கோலி வழக்கு. லேப்ராஸ்கோப்பி வச்சு உள்ள பாக்குறதுக்குன்னு மயக்கம் குடுத்தாங்க, மயக்கத்துல இருக்கும்போதே வெளிய இருந்த அம்மாகிட்ட சம்மதம் கேட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பரிசோதனைக்கு குடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு குடுத்த சம்மதம் ஆகாது, நோயாளி வயசு வந்தவரா, சுயமா முடிவு எடுக்கக் கூடியவரா இருந்தா அவருக்குப் பதிலா அம்மா சம்மதம் சொல்ல முடியாது. உடனே பண்ணலன்னா உயிர் போயிடும்ங்கிற நிலைமை மட்டும்தான் விதிவிலக்கு.

அதனால சம்மதப் படிவத்துல ஆபரேஷன் பேரு, பண்ணப் போற டாக்டர் பேரு, தேதி இந்த மூணும் எழுதியிருக்கான்னு பாருங்க. காலியா விட்டிருந்தா "இதை எழுதிட்டு குடுங்க, கையெழுத்து போடுறேன்"னு சொல்லுங்க. படிவம் இங்கிலீஷ்ல இருந்து புரியலன்னா தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, அதுக்கு நர்ஸ் அஞ்சு நிமிஷம் ஒதுக்கினா போதும்.

என் ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் வந்து கையெழுத்து போட்டாத்தான் உண்டுன்னு சொல்றாங்களே?

18 வயசு தாண்டின பொண்ணுக்கு அவங்க கையெழுத்தே போதும், மேல இருக்குற அதே தத்துவம்தான். கருக்கலைப்புச் சட்டம் இதை இன்னும் வெளிப்படையாவே சொல்லுது, பொண்ணோட சம்மதம் மட்டும்தான் வேணும், புருஷன் சம்மதம் தேவையில்ல. 18 வயசுக்குக் கீழன்னா பாதுகாவலர் எழுதிக் குடுக்கணும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் அரசு வழிகாட்டுதல்ல துணையோட சம்மதம் கட்டாயம்னு இல்ல.

நடைமுறைல பிற்காலத்துல வம்பு வரும்ங்கிற பயத்துல ஆஸ்பத்திரிக்காரங்க கேக்குறாங்க. சாட்சியா ஒருத்தர் கையெழுத்து கேக்குறது வேற, அவர் இல்லாம முடியாதுன்னு சொல்றது வேற. இன்னொண்ணு, ஆண் டாக்டர் உடம்பை பரிசோதிக்கும்போது கூட ஒரு பொம்பள இருக்கணும்னு கேக்குறது உங்க உரிமை, அதைக் கேக்க கூச்சப்படவே வேண்டாம்.

கேஸ் ஷீட் ஜெராக்ஸ் கேட்டா "அது ஆஸ்பத்திரி சொத்து"ன்னு சொல்றாங்க. உண்மையா?

ஒரிஜினல் பேப்பர் அவங்ககிட்ட இருக்கும், நகல் உங்களுக்கு குடுத்தே ஆகணும். 2002 நடத்தை விதிகள்படி உள்நோயாளி ஆவணத்தை 3 வருஷம் பாதுகாக்கணும், நோயாளியோ அவர் அதிகாரம் குடுத்தவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும். நகல் எடுக்குற செலவை நீங்க கட்டணும், அது நியாயம்தான்.

வாயால கேட்டா 72 மணி நேரம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. வெள்ளைத் தாள்ல, மெடிக்கல் சூப்பிரண்டென்டுக்குன்னு போட்டு, நோயாளி பேரு, உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, "முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, லேப் ரிப்போர்ட், சம்மதப் படிவம் நகல் வேண்டும்"னு ஒண்ணொண்ணா எழுதுங்க. ரெண்டு காப்பி. ஒண்ணுல சீல் வச்சு, தேதியும் நேரமும் போட்டு வாங்கிக்கோங்க. வாங்க மறுத்தா அன்னைக்கே ரெஜிஸ்டர்டு போஸ்ட்ல அனுப்புங்க, இல்ல ஆஸ்பத்திரி ஈமெயிலுக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் குடுத்துட்டு "இதான் கேஸ் ஷீட்"னு சொல்றது ரொம்ப சகஜம், அது ரெண்டு பக்க சுருக்கம், கேஸ் ஷீட் இல்ல. அரசு ஆஸ்பத்திரின்னா கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துலயும் கேக்கலாம்.

பில்லுல "கன்ஸ்யூமபிள்ஸ்"னு ஒரே வரில பெரிய தொகை போட்டிருக்காங்க. மருந்தும் அவங்க கடைலதான் வாங்கணுமாம்.

விவரமான பில் கேளுங்க, எந்தப் பொருள், எத்தனை, என்ன ரேட்டுன்னு. கட்டண விவரத்தை நோயாளி பாக்குற மாதிரி வச்சிருக்கணும், உத்தேசச் செலவை முன்னாடியே சொல்லணும்ங்கிறது சாசனத்துல இருக்கு. கையுறை எண்ணிக்கையையும் நோயாளி இருந்த நாளையும் ஒப்பிட்டுப் பாத்தாலே பாதி விஷயம் வெளிய வந்துடும். கடைசி நாள் மொத்தமா பாக்குறதை விட, தினமும் சாயங்காலம் பில்லிங் கவுன்டர்ல இடைக்கால பில் வாங்கிப் பாருங்க, தொகை சேர்ந்து போன பிறகு போராடுறது கஷ்டம்.

மருந்து, டெஸ்ட் எங்க எடுக்குறதுன்னு தேர்ந்தெடுக்குற உரிமையும் சாசனத்துல இருக்கு. ஆனா இதுல கொஞ்சம் நிதானமா இருக்கணும், ஏன்னா 2025 மார்ச்ல இந்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்ப, கோர்ட் பொதுவா ஒரு தடை உத்தரவு போடாம, மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும்னு விட்டுடுச்சு. அதனால ஐ.சி.யூ மருந்துக்கு மல்லுக்கட்டாம, டிஸ்சார்ஜ் ஆகும்போது குடுக்குற ஒரு மாச மாத்திரைக்கு சீட்டு வாங்கி வெளில வாங்குங்க. பெரிய வித்தியாசம் அங்கதான் தெரியும்.

பில் முழுசா கட்ட முடியல, ஆளை அனுப்ப மாட்டேங்குறாங்க. இறந்து போனா பாடியை தர மாட்டேன்னு சொன்னா?

பாக்கி இருக்குங்கிறதுக்காக நோயாளியையோ உடலையோ பிடிச்சு வைக்கிறது தப்பு, சாசனம் நேரடியாவே இதை சொல்லுது. ஆளை அவர் விருப்பத்துக்கு மாறா அடைச்சு வச்சா அது பி.என்.எஸ் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 127-வது பிரிவுல வர்ற குற்றம். 100-க்கு போன் பண்ணலாம். பெரும்பாலும் போலீஸ் வர்றாங்கன்னதும் பேச்சுவார்த்தை ஆரம்பிச்சிடும்.

அதுக்காக பில்லே கட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்ல. பாக்கி கடன்தான், ஆஸ்பத்திரி அதுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். இவ்வளவு கட்டியிருக்கோம், இவ்வளவு பாக்கி, இந்தத் தேதிக்குள்ள கட்டுறோம்னு எழுதிக் குடுத்துட்டு வர்றதுதான் ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை.

இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலன்னு காலைல டிஸ்சார்ஜ் சொன்ன ஆளை ராத்திரி வரைக்கும் உக்கார வச்சிருக்காங்க.

2024 மே மாசம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற ஆணையம், போட்ட சுற்றறிக்கைல, கேஷ்லெஸ் (பில்லை கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு கட்டுறது) கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பினதுல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள இறுதி அனுமதி தரணும், அதைத் தாண்டினா ஆஸ்பத்திரி போடுற கூடுதல் செலவை கம்பெனிதான் ஏத்துக்கணும்னு இருக்கு. இதுல சூட்சுமம் என்னன்னா கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது ஆஸ்பத்திரி அனுப்பின நேரத்துல இருந்து. "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க, ஸ்க்ரீன்ல காட்டுங்க"ன்னு இன்சூரன்ஸ் டெஸ்க்ல கேளுங்க. பாதி நேரம் அனுப்பியே இருக்க மாட்டாங்க.

முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னா, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். திட்டத்துல வர்ற சிகிச்சைக்கு கையில காசு கேட்டா 1800 425 3993-க்கு புகார் பண்ணுங்க.

கவர்மென்ட் ஆஸ்பத்திரில எல்லாம் ஃப்ரீன்னு பேரு, ஸ்ட்ரெச்சர் தள்ள காசு, குழந்தையைக் காட்ட காசு. என்ன பண்ண?

ஆம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட், பொம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட்டுன்னு இன்னும் நடக்குதுங்கிறதே கேவலம். பிரசவ வார்டு வாசல்ல சந்தோஷத்துல இருக்குற குடும்பம் தகராறு பண்ணாதுன்னு அவங்களுக்குத் தெரியும். முதல்ல போக வேண்டியது ஆர்.எம்.ஓ (ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பாக்குற டாக்டர்) ரூம், எல்லா பெரிய அரசு ஆஸ்பத்திரியிலயும் இருக்கும். நேரம், வார்டு, ஷிஃப்ட் சொன்னா போதும், டியூட்டி லிஸ்ட் அவங்ககிட்ட இருக்கு. அங்க நடக்கலன்னா டீன், இல்ல அரசோட 'முதல்வரின் முகவரி' புகார் எண் 1100. பெரிய தொகையா மிரட்டிக் கேட்டா லஞ்ச ஒழிப்புத் துறை.

ஒண்ணு மட்டும் சொல்றேன், நாமளா கூப்பிட்டு கையில திணிச்சு "எங்க ஆளை கொஞ்சம் நல்லா பாத்துக்கோங்க"ன்னு சொல்றதுலதான் இந்த வியாதி ஆரம்பிக்குது. அடுத்த பெட்ல காசு இல்லாதவங்க கதி என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

அப்பாவுக்கு கேன்சர். அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லலாமா?

இதுதான் என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட. சட்டப்படி பாத்தா தகவல் அப்பாவுக்குச் சொந்தம். அவர் நல்லா நினைவோட இருந்து "எனக்கு என்ன"ன்னு நேரா கேட்டா டாக்டர் பொய் சொல்ல முடியாது, கீமோவுக்கு சம்மதம் குடுக்க வேண்டியவரும் அவர்தான். "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், என் பையன்கிட்ட பேசுங்க"ன்னு அவரே சொன்னா அதுவும் அவரோட உரிமை. நாம முடிவு பண்றது வேற, அவர் முடிவு பண்றது வேற.

முடி கொட்டும்போது, கேன்சர் வார்டு போர்டைப் படிக்கும்போது பெரும்பாலானவங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிடுது, அப்ப அவங்களும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டி வருது. டாக்டர்கிட்ட "சொல்லாதீங்க"ன்னு கேக்குறதுக்குப் பதிலா "எப்படி சொல்லலாம், கொஞ்சம் கொஞ்சமா சொல்ல முடியுமா"ன்னு கேளுங்க. இதே ரகசியம் மறுபக்கமும் பொருந்தும், நோயாளி விருப்பம் இல்லாம சொந்தக்காரங்க, முதலாளின்னு யாருக்கும் ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது. ஹெச்.ஐ.வி விஷயத்துல 2017 சட்டம் இன்னும் கறார், ரகசியமும் காக்கணும், அதைக் காரணம் காட்டி சிகிச்சையும் மறுக்கக் கூடாது.

எல்லாம் உரிமை உரிமைன்னே சொல்றீங்க, நம்ம பக்கம் கடமை ஒண்ணுமே இல்லையா?

நிறைய இருக்கு. சாசனத்துலயே பொறுப்புகள்னு தனிப் பகுதி உண்டு. முதல் பொறுப்பு, மறைக்காம சொல்றது. ஏற்கனவே என்ன மாத்திரை சாப்பிடுறோம், எதுக்கு அலர்ஜி, குடி, சிகரெட், எல்லாமே. நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுறதை டாக்டர் திட்டுவாருன்னு மறைக்கிறாங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறதை சொல்ல மறந்துடுறாங்க, ஆபரேஷன் டேபிள்ல ரத்தம் நிக்காம போனா அதுக்கு டாக்டரை குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம். வீட்டுல இருக்குற மாத்திரை அட்டை மொத்தத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, பேரு ஞாபகம் இல்லன்னாலும் பரவால்ல.

அப்புறம், மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணும் சாப்பிடாதீங்கன்னா ஒண்ணும் சாப்பிடக் கூடாது, "ஒரு வாய் காபிதானே" கிடையாது. ஐ.சி.யூவுக்கு ஒருத்தர்தான்னா ஒருத்தர்தான். குறிச்ச நாள் முழுக்க மருந்தை முடிக்கணும். பொய்யா மெடிக்கல் சர்டிபிகேட் கேக்கக் கூடாது, வயித்துல இருக்குறது ஆணா பொண்ணான்னு கேக்கவே கூடாது, 1994 சட்டப்படி குற்றம். கை ஓங்குறது பத்தி சொல்லவே வேண்டாம், தமிழ்நாட்டுல 2008-ல இருந்தே இதுக்குத் தனிச் சட்டம் இருக்கு, ஜாமீன்ல விட முடியாத வழக்கு, கண்ணாடி உடைஞ்சா காசும் கட்டணும். அதோட, உங்க பக்கம் நியாயமே இருந்தாலும் கை ஓங்கின அந்த நிமிஷமே உங்க புகார் செத்துப் போச்சு.

டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் நாங்க டிஸ்சார்ஜ் கேட்டா எழுதி வாங்குறாங்களே, அதுல கையெழுத்து போடலாமா?

போடலாம். நினைவோட இருக்குற நோயாளிக்கு சிகிச்சையை மறுக்குற உரிமை உண்டு, மருத்துவ ஆலோசனைக்கு எதிரா போறேன்னு எழுதி வாங்குறது ஆஸ்பத்திரியோட பாதுகாப்பு. ஆனா போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட் எல்லாம் தரணும், அடுத்த ஆஸ்பத்திரிக்கு அதுதான் வழி. படிவத்துல "சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை"ன்னு ஒரு வரி நுழைச்சிருந்தா அதை அடிச்சுட்டு கையெழுத்து போடுங்க. காசு இல்லாமத்தான் போறீங்கன்னா காரணம்னு இருக்குற இடத்துல அதையே எழுதுங்க.

அம்மா "எனக்கு வென்டிலேட்டர் எல்லாம் வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டே இருக்காங்க. அது செல்லுமா?

வாயால சொன்னது மட்டும்னா நெருக்கடி நேரத்துல ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. 2018-ல சுப்ரீம் கோர்ட் முன்கூட்டியே எழுதி வைக்கிற உயில் மாதிரியான பத்திரத்தை ஏத்துக்கிச்சு, 2023-ல நடைமுறையை சுலபமாக்குச்சு. வயசு வந்தவங்க, நல்ல மனநிலைல இருக்கும்போது, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டு, நோட்டரி இல்ல கெஜடட் ஆபீசர்கிட்ட அத்தாட்சி வாங்கினா போதும். தனக்கு முடியாதப்ப யார் முடிவு சொல்லணும்னு பேரும் எழுதலாம்.

அந்தக் காகிதத்தைக் காட்டின உடனே கருவியை நிறுத்திட மாட்டாங்க. குணமாக வாய்ப்பே இல்லன்னு ஆஸ்பத்திரியோட டாக்டர் குழு ஒண்ணு பாத்து, ரெண்டாவது குழு ஒண்ணும் உறுதி பண்ணணும். அம்மா சொல்லிட்டே இருக்காங்கன்னா இப்பவே உக்காந்து எழுதிடுங்க, அண்ணன் தம்பி எல்லாரும் இருக்கும்போது.

தப்பான சிகிச்சையால ஆள் போயிட்டாரு. யார் மேல கேஸ் போடுறது?

முதல்ல கேஸ் ஷீட், மேல சொன்ன மாதிரி எழுதி வாங்குங்க. அது இல்லாம எந்தக் கதவைத் தட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் அதை அதே துறைல இருக்குற, சம்பந்தமில்லாத ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. மோசமான முடிவு எல்லாமே கவனக்குறைவு இல்ல, எல்லாம் சரியா பண்ணியும் ஆள் போறது உண்டு, இதை ஏத்துக்கிறது கஷ்டம்தான்.

நஷ்டஈடு வேணும்னா நுகர்வோர் ஆணையம். 1995-ல சாந்தா வழக்குல காசு வாங்கிப் பண்ற மருத்துவம் சேவைதான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, எல்லாருக்கும் முழுக்க இலவசமா பாக்குற ஆஸ்பத்திரி மட்டும் இதுல வராது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க கட்டின தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல. டாக்டரோட லைசென்ஸ் மேல நடவடிக்கைன்னா தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். ஆஸ்பத்திரியோட பதிவு, வசதிக் குறைபாடுன்னா மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். போலீஸ் கேஸ் கடைசி வழிதான், ஏன்னா 2005-ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சொன்னபடி மிக மோசமான கவனக்குறைவுன்னாத்தான் கிரிமினல் குற்றம் ஆகும், அதுக்கு முன்னாடி போலீஸ் வேற டாக்டர் கருத்தும் வாங்கணும்.

இதெல்லாம் கேட்டா அடுத்த தடவை நம்மள சரியா பாக்க மாட்டாங்களே?

இந்த பயம் நியாயமானது, அதுலயும் ஊருக்கு ஒரே ஆஸ்பத்திரின்னா இன்னும் ஜாஸ்தி. அதனால சிகிச்சை நடக்கும்போது கேக்க வேண்டியதையும் முடிஞ்ச பிறகு கேக்க வேண்டியதையும் பிரிச்சுக்கோங்க. சம்மதப் படிவம், தினசரி பில், மருந்து விவரம் இதெல்லாம் உள்ள இருக்கும்போதே, சிரிச்ச முகத்தோட கேக்கலாம், இதுக்கு யாரும் பகைச்சுக்க மாட்டாங்க. கேஸ் ஷீட் முழுசா, புகார், நோட்டீஸ் எல்லாம் ஆளை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு. ஆனா பேரும் நேரமும் மட்டும் அன்னன்னைக்கே ஒரு நோட்டுல குறிச்சு வச்சிடுங்க, எந்த டாக்டர் எப்ப வந்தாரு, எந்த ஊசி எப்ப போட்டாங்கன்னு. ரெண்டு மாசம் கழிச்சு ஆணையத்துல உக்காந்து யோசிச்சா ஒண்ணும் வராது.